வாத்தியார் கைக்குப் பொருந்திய குழல்

கிருபாபுரத்தில் சத்தியநேசன் வாத்தியாரைக் குறை சொல்லும் ஆளைத் தேடிப் போனால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும். பாளையங்கோட்டைக்குக் கிழக்கே எட்டு மைலில், ஆற்றுக்குத் தென்கரையில் இருந்த அந்தச் சின்ன ஊரின் மிஷன் பள்ளிக்கூடத்துக்கு அவர் ஒருவர்தான் வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கீர்த்தனையை எடுத்துக்கொடுப்பவரும் அவரே. எழுதத் தெரியாதவர்களுக்குக் கடிதம் எழுதிக்கொடுப்பார். வரப்புச் சண்டை என்று வந்தால் இரண்டு பேரையும் உட்கார வைத்து மோர் கொடுத்துவிட்டுத்தான் நியாயம் பேசுவார். அவர் வாயில் பொய் வராது என்று ஊரே அடித்துச் சொல்லும்.

ஊருக்கு என்ன தெரியும்? அவர் சொன்ன முதல் பொய் ஒரே ஒரு சொல்தான். சொல்ல அரைக் கணம் பிடித்தது. சுமக்க மூன்று வருஷம் பிடித்தது. அவரைப் பற்றிச் சொல்வதென்றால் அதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அவர் மனைவி யூனிஸ், பாளையங்கோட்டைப் பெண்கள் விடுதிப் பள்ளியில் தங்கிப் படித்தவள். உடம்பு ஒடிசல், கையும் சின்னது. வளையல்காரர் அவளுக்கென்று சிறுபிள்ளைகள் அளவில் தேடி எடுத்துப் போடுவார். ஆனால் காது பெரிய காது. கோயிலில் வாத்தியார் கீர்த்தனையை எடுக்கும்போது சுருதி கொஞ்சம் இறங்கினாலும் பெண்கள் பக்கத்திலிருந்து அவள் பைய ஏற்றிவிடுவாள். அது சபைக்குத் தெரியாது, வாத்தியாருக்குத் தெரியும். ஒருநாள் சாப்பாடு போடும்போது, "இன்னைக்கு ரெண்டாவது சரணத்துல ரொம்ப இறங்கிட்டிய" என்று சாதாரணமாகத்தான் சொன்னாள். வாத்தியாருக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

1907ஆம் வருஷம் கோடையில், சுவிசேஷக் கதையைப் பாட்டும் பேச்சுமாகச் சொல்லும் ஒரு குழு கிருபாபுரத்துக்கு வந்து மூன்று நாள் தங்கியது. அவர்களில் குழல் வாசிக்கும் பெரியவருக்கு வாத்தியார் வீட்டில்தான் சாப்பாடு. கடைசி நாள் அவர் கை கழுவப் போயிருந்த நேரத்தில் யூனிஸ் அந்தக் குழலை எடுத்துப் பார்த்தாள். எடுத்தவள் உதட்டிலும் வைத்துவிட்டாள். சத்தம் வந்தது. நீளமாக, ஆடாமல் வந்தது. குழல்காரர் ஈரக் கையோடு ஓடிவந்தார். யூனிஸ் பயந்து குழலைக் கீழே வைக்கப் போனாள்.

"வைக்காதிய தாயி. இன்னொரு மட்டம் ஊதுங்க" என்றார். ஊதினாள். "மொத ஊதுலயே சத்தம் வாறது லேசுப்பட்ட காரியம் இல்ல. எனக்கு ஒரு மாசம் ஆச்சு. வாத்தியாரய்யா, இவங்களுக்கு ஒரு குழல் வாங்கிக் குடுங்க. ஆனா ஒண்ணு, இவங்க கைக்கு அளவு பாத்து வாங்கணும். மொத குழல் கைக்கு எட்டலைன்னா வித்தையே வெறுத்துப் போவும்."

கல்யாணமாகி ஆறு வருஷத்தில் யூனிஸ் எதுவும் வாய்விட்டுக் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டாள். வாத்தியாரும், பெரிய மனசு பண்ணுகிற சந்தோஷத்தோடு, "அதுக்கென்ன, வாங்கிட்டாப் போச்சு" என்றார். அந்தச் சொல்லில் அப்போது பொய் எதுவும் இல்லை.

அடுத்த வாரம் பாளையங்கோட்டையில் வாத்திமார்களின் மாதக்கூட்டம். கிளம்பும்போது யூனிஸ் பனையோலை நறுக்கு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். குழல் பிடிப்பதுபோல் அதன்மேல் விரல்களை வைத்து, ஒவ்வொரு விரல் நுனிக்கும் கரியால் ஒரு புள்ளி வைத்திருந்தாள். ஏழு புள்ளிகள். கடைசிப் புள்ளி கொஞ்சம் நழுவியிருந்ததால் அதை அழித்து மறுபடி வைத்திருந்தாள்.

"இதைக் காட்டிக் கேளுங்க. மறந்துராதிய."

"ஓலையே குடுத்து அனுப்புத, எப்படி மறக்கும்?" என்று சிரித்துக்கொண்டே அதைக் கறுப்புக் கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டார்.

கூட்டம் முடிந்ததும் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, டவுனைத் தாண்டி, பேட்டைக்குப் போக வேண்டும். அங்கே காஜா முகைதீன் என்கிற ராவுத்தர் மூங்கில் மண்டி வைத்திருந்தார். பாபநாசம் மலையிலிருந்து மூங்கில் வரும். ஏணிக்கும் கூடைக்கும் பந்தலுக்கும் போனது போக, தோல் மெலிந்து கணு தள்ளியிருக்கும் மூங்கில்களை அவர் தனியே பொறுக்கி, வருஷக் கணக்கில் நிழலில் காயவைத்து, பழுக்கக் காய்ச்சிய கம்பியால் துளைபோட்டுக் குழல் செய்வார். டவுனில் குழல் வாசிப்பவர்கள் எல்லாம் அவரிடம்தான் போவார்கள் என்று அந்தப் பெரியவர் சொல்லியிருந்தார்.

வாத்தியார் தனியாகப் போயிருந்தால் இந்தக் கதையே இல்லை. பக்கத்து ஊர் வாத்தியார் தானியேல், பள்ளிக்கூடக் கூரை வேய ஏணி வாங்க வேண்டுமென்று ஒட்டிக்கொண்டார். தானியேல் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அவர் காதில் விழுந்த செய்தி அடுத்த மாதக்கூட்டத்துக்குள் ஆற்றின் இரண்டு கரைக்கும் போய்ச் சேர்ந்துவிடும். அதுவும் கையும் காலும் ஒட்டவைத்துத்தான் போகும்.

ராவுத்தர் நிதானமான ஆள். மூங்கில் குவியலின்மேல் உட்கார்ந்து ஒரு குழலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

"குழலா? வாங்க, வாங்க. யாருக்கு?" என்று கேட்டார்.

ஏணியைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த தானியேலின் தலை இந்தப் பக்கம் திரும்பியது. "அதான, யாருக்குவே குழல்?" என்றார் அவரும்.

வாத்தியாரின் கை அப்போது கோட்டுப் பைக்குள் இருந்தது. விரலில் ஓலை தட்டுப்பட்டது. பெண்டாட்டிக்கு என்று சொல்ல வேண்டியதுதான். சொன்னால் என்ன ஆகும் என்று அவர் மனசு ஒரு நொடிக்குள் ஊரெல்லாம் சுற்றிவந்துவிட்டது. வாத்தியார் பாட, பெண்டாட்டி குழல் ஊதுகிறாளாம். அடுத்து சதங்கையா என்று கேட்பார்கள். மாதக்கூட்டத்தில் அவர் உள்ளே வரும்போது யாராவது விரல்களை உதட்டருகே வைத்து ஊதிக் காட்டுவார்கள்.

"எனக்குத்தான்" என்றார்.

அவ்வளவுதான். ராவுத்தர் எழுந்தார். "கையை நீட்டுங்க" என்றார். வாத்தியாரின் அகன்ற கையைப் பிடித்து, விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார். பிறகு சின்னக் குழல்கள் தொங்கிய பக்கமே போகாமல், உள்ளேயிருந்து நீளமான ஒன்றைத் துணியோடு எடுத்து வந்தார். வெயிலுக்கு நேரே பிடித்து, கீறல் இல்லை என்று காட்டினார். ஊதிக் காட்டினார். அடியில் கனமான, ஆண்பிள்ளைக் குரல்போல ஒரு சத்தம்.

"இது நல்ல குழல். ஆனா சின்னக் கைக்கு எட்டாது. மூச்சும் நெறைய கேக்கும். உங்க கைக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு, பாருங்க."

உண்மைதான். விரல்கள் துளைகளில் போய் அப்படியே உட்கார்ந்தன. தானியேல்கூட, "ஏயப்பா, பொருத்தமா இருக்கேவே!" என்றார். வாத்தியாருக்கு ஒரு பக்கம் பையிலிருந்த ஓலை உறுத்தியது. இன்னொரு பக்கம், இந்தச் சத்தம் நம்முடைய குரலுக்குச் சரியாக இருக்குமே, நாம் பாட அவள் ஊதலாமே என்று ஒரு எண்ணமும் ஓடியது. அந்த எண்ணம் இதமாக இருந்தது. காசைக் கொடுத்து வாங்கிக்கொண்டார்.

பின்னாளில் அவர் தானியேல்மேல்தான் பழியைப் போட்டுப் பார்த்தார். கூட அந்த ஆள் வந்திருக்காவிட்டால் நான் ஏன் பொய் சொல்லியிருக்கப் போகிறேன்? ஆனால் அடுத்த மாதக்கூட்டத்துக்குத் தனியாகத்தான் போனார். அப்போது பேட்டைக்குப் போய்க் குழலை மாற்றியிருக்கலாம். அவர் போகவில்லை. அதற்குத் தானியேல் எப்படிப் பொறுப்பாவார்?

வீட்டில் யூனிஸ் குழலை இரண்டு கையாலும் வாங்கினாள். துணியை அவிழ்த்ததும் முகம் ஒரு விதமாக ஆனது.

"ரொம்ப நீளமா இருக்கே. ஓலையைக் காட்டுனியளா?"

"காட்டுனேன். ராவுத்தர் பாத்துத்தான் எடுத்துக் குடுத்தாரு. பழகப் பழகச் சரியாகும்."

இது இரண்டாவது பொய். முதல் பொய் வெட்கத்தில் வந்தது என்று சமாதானம் சொல்லலாம். இதற்குச் சமாதானமே கிடையாது. அந்த இடத்தில், அந்த நிமிஷத்தில், "பேட்டையில சொல்ல வெக்கமாப் போச்சு யூனிஸ்" என்று சொல்லியிருந்தால் அவள் கொஞ்சம் கோபித்துக்கொண்டு பிறகு சிரித்திருப்பாள். வாத்தியாருக்கு அது தெரியும். தெரிந்தும் வாய் வரவில்லை.

யூனிஸ் பழக ஆரம்பித்தாள். சமையல் முடிந்து, பெண்பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக்கொடுத்து அனுப்பிவிட்டு, பின்கட்டில் உட்கார்ந்து ஊதுவாள். மேல் மூன்று துளைகளை மூடினால் சத்தம் வரும். நாலாவது விரலை வைக்கும்போது எங்கோ ஓர் ஓரத்தில் காற்று ஒழுகிவிடும். கடைசி விரல் எட்டுவதற்குள் முதல் விரல் நகர்ந்துவிடும். "புஸ்" என்று வெறும் காற்றுதான் வரும். அரை மணி நேரம் ஊதினால் தலை சுற்றும் என்று சுவரில் சாய்ந்துகொள்வாள்.

"நான்தான் சரியாப் பிடிக்கல போல" என்பாள்.

வாத்தியார் மேசையில் சிலேட்டுகளைத் திருத்திக்கொண்டே, "ம்" என்பார்.

விரல்கள் விரிந்து கொடுக்கட்டும் என்று வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதுவும் போதாமல், பழந்துணியைத் திரிபோலச் சுருட்டி விரல்களுக்கு நடுவே இறுக்கிக் கட்டிக்கொண்டு வேலை செய்ய ஆரம்பித்தாள். ஒருநாள் அந்தக் கட்டோடு முறத்தில் அரிசி புடைத்தாள். பிடி நில்லாமல் அரிசி தரையெல்லாம் சிதறியது. அவள் வெட்கத்தோடு சிரித்தாள். வாத்தியார் குனிந்து அரிசியைப் பொறுக்கிக் கொடுத்தார். அந்தக் கைகளை நிமிர்ந்து பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. கோட்டுப் பைக்குள் ஓலை கிடந்தது. தூக்கி அடுப்பில் போடவும் மனசில்லை. எடுத்துக் காட்டவும் மனசில்லை.

இதைவிடக் கேவலமான ஒன்று இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் அவரைப் பற்றிச் சொன்னதாகாது. அவள் ஊதி ஊதித் தோற்கும்போது அவர் மனசின் ஒரு மூலையில் ஒரு நிம்மதி இருந்தது. இப்போதெல்லாம் அவள், "சுருதி இறங்குது" என்று சொல்வதில்லை. கோயிலில் ஏற்றிவிடுவதையும் நிறுத்திவிட்டாள். தன் காதின்மேலேயே அவளுக்கு நம்பிக்கை போய்விட்டது. வாத்தியார் தாழ்ந்த சுருதியில் தாராளமாகப் பாடினார். அந்த நிம்மதியைத் தாம் அனுபவிப்பதை ஒருநாள் பாட்டின் நடுவிலேயே கண்டுபிடித்தார். அன்றைக்குப் பாட்டு தொண்டையில் நின்றுவிட்டது. சபை அவர் இருமுகிறார் என்று நினைத்துக்கொண்டது.

மூன்றாம் வருஷம் தோத்திரப் பண்டிகை வந்தது. அந்தப் பக்கத்துச் சபைகளில் அது பெரிய நாள். அவரவர் விளைச்சலில் முதல் பங்கை, கருப்பட்டியோ, கோழியோ, வாழைத்தாரோ, கோயிலுக்குக் கொண்டுவந்து படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் அதையெல்லாம் கோயில் வாசலில் ஏலம் போடுவார்கள். ஏலம் போடுவது இஸ்ரவேல். கோயில் மணி அடிப்பதிலிருந்து விளக்குத் துடைப்பதுவரை அவர் வேலை. ஊரில் அவரைக் கோயில்குட்டி என்பார்கள். ஏலத்தன்று மட்டும் அவர் குரலுக்கு மாவட்ட கலெக்டர் மரியாதை.

முந்தின நாள் யூனிஸ் குழலை எண்ணெய் தடவித் துடைத்து, புதுத்துணியில் சுற்றினாள்.

"எதுக்கு?" என்றார் வாத்தியார்.

"காணிக்கையா வைக்கப் போறேன். கர்த்தர் எனக்கு இந்த வரத்தைக் குடுக்கல. குடுக்காததை நான் பிடிச்சு இழுத்துக்கிட்டுக் கிடக்கேன். மூணு வருஷம் போச்சு. வரம் உள்ள கைக்குப் போவட்டும்."

வாத்தியார் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். "சரி, உன் இஷ்டம்" என்றுதான் வந்தது.

பண்டிகையன்று பெண்கள் வரிசையில் ஒவ்வொருவராகப் போய்க் காணிக்கை வைத்தார்கள். குழலைப் பார்த்த குருவானவர், "என்னம்மா இது?" என்று கேட்டார். யூனிஸ் தலையைக் குனிந்துகொண்டு, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி, "எனக்கு இதுல வரம் இல்லைங்க ஐயா. வேற யாருக்காவது உதவட்டும்" என்றாள். குருவானவர், நல்ல தாழ்மை என்று மெச்சினார். ஆண்கள் பக்கம் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த வாத்தியார் கீர்த்தனைப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார்.

வாசலில் ஏலம் தொடங்கியது. சேவல் போயிற்று, பூசணி போயிற்று. இஸ்ரவேல் குழலை உயர்த்திப் பிடித்தார்.

"வாத்தியார் வீட்டு அம்மா காணிக்கை! பேட்டைக் குழல்! கேளுங்க, கேளுங்க!"

யாரும் கேட்கமாட்டார்கள், தாமே எடுத்துவிடலாம் என்று வாத்தியார் நினைத்திருந்தார். ஆனால் வேதம் வாசித்துக் காட்ட வீடு வீடாகப் போகும் சாரம்மாள் முன்னே வந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு அவள் தங்கை மகள் கிரேஸ், ஒன்பது வயசுப் பிள்ளை, நின்றாள்.

"எட்டணா" என்றாள் சாரம்மாள். "இந்தப் பிள்ளைக்குத்தான். நாள் பூரா வாயாலயே குழல் ஊதிக்கிட்டுத் திரியுது."

வாத்தியார் அந்தப் பிள்ளையின் கையைப் பார்த்தார். யூனிஸின் கையில் பாதி இருக்கும். இந்தக் குழல் அந்த வீட்டுக்குப் போனால் என்ன நடக்கும் என்று அவருக்கு வரிசையாகத் தெரிந்தது. புஸ் என்று காற்று வரும். கையைப் பழிப்பார்கள். வரம் இல்லை என்று பிள்ளையே நம்பிவிடும்.

"ஒரு ரூவா!" என்று கத்திவிட்டார்.

கூட்டம் திரும்பிப் பார்த்தது. சாரம்மாள் முறைத்தாள், இன்னும் ஏற்றினாள். வாத்தியார் விடவில்லை. கடைசியில், அந்த ஊரில் ஆடு வாங்கும் விலைக்கு ஒரு மூங்கில் துண்டு போயிற்று. "பெண்டாட்டி வச்ச காணிக்கையைப் புருஷனே எடுத்துட்டாருவே!" என்று இஸ்ரவேல் சொல்ல, ஜனங்கள் சிரித்தார்கள். சாரம்மாள், "பிள்ளை கேக்கதைக் குடுக்க மனசில்லாத வாத்தியாரு" என்று முகத்துக்கு நேரேயே சொல்லிவிட்டு கிரேஸை இழுத்துக்கொண்டு போனாள்.

வீட்டுக்கு வந்ததும் யூனிஸ் அழுதாள். வாத்தியார் நடுங்கிப்போனார், தெரிந்துவிட்டதோ என்று. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"எனக்கு வரலைன்னு தெரிஞ்சும் நீங்க அதை விடலியே. இம்புட்டு ஆசையா வாங்கிக் குடுத்ததை நான் தூக்கிக் குடுத்துட்டேன். என்னை மன்னிச்சிருங்க."

மன்னிப்பை அவள் கேட்டாள்! வாத்தியாருக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம்போல இருந்தது. அடித்திருந்தால், திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். மறுநாள் பள்ளிக்கூடத்தில் அவருக்கு வாய்பாடு மறந்துபோயிற்று. பிள்ளைகள் திருத்தினார்கள்.

அதற்கு மறுநாள் சனிக்கிழமை. "கிளம்பு யூனிஸ். பேட்டைக்குப் போயிட்டு வருவோம்" என்றார்.

"எதுக்கு?"

"வா, சொல்லுதேன்."

வழியில் சொல்லிவிடத்தான் நினைத்தார். மாட்டுவண்டியில் எட்டு மைல் போனார்கள்; சொல்லவில்லை. பாலத்தில் இறங்கி நடந்தார்கள். ஆற்றில் தண்ணீர் இரு கரையும் தொட்டுக்கொண்டு போனது. "என்னமோ சொல்லுதேன்னியளே?" என்று அவளே கேட்டாள். "வெயிலாப் போச்சு, வேகமா நட" என்றார். டவுனும் தாண்டிவிட்டது.

ராவுத்தர் தாடி நரைத்து அதே குவியலின்மேல் உட்கார்ந்திருந்தார். ஆளை மறக்கிறவர் இல்லை.

"கிருபாபுரத்து வாத்தியாரய்யா இல்ல? வாங்க. உங்க கைக்குன்னு எடுத்துக் குடுத்தேனே, அந்தக் குழல் எப்படிப் பேசுது? நல்லா ஊதுதியளா?"

யூனிஸ் ராவுத்தரைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். அவள் முகத்தில் இன்னும் கோபம் வரவில்லை. என்ன சொல்கிறார் இவர் என்ற குழப்பம் மட்டும் இருந்தது. இப்போதும் ஏதாவது சொல்லி மழுப்பிவிடலாம். ராவுத்தர் ஆள் மாறிச் சொல்கிறார் என்று சொன்னால் அவள் நம்பிவிடுவாள். அவள் நம்பிவிடுவாள் என்பதுதான் வாத்தியாரைக் கொன்றது.

"அது எனக்கு இல்ல ராவுத்தரே" என்றார். "அன்னைக்கே எனக்கு இல்ல. இவளுக்குத்தான் வாங்க வந்தேன். சொல்ல வெக்கப்பட்டு எனக்குன்னு சொல்லிட்டேன்."

கோட்டுப் பையிலிருந்து ஓலையை எடுத்து நீட்டினார். மூன்று வருஷத்தில் அது மஞ்சளாகியிருந்தது. ஏழு புள்ளிகளும் அப்படியே இருந்தன.

ராவுத்தர் ஓலையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். தொங்கிய சின்னக் குழல்களை ஓலையோடு வைத்து வைத்துப் பார்த்தார். ஒன்றை எடுத்துவந்து வாத்தியாரிடம் கொடுக்காமல் நேரே யூனிஸிடம் நீட்டினார். "ஊதிப் பாருங்க தாயி" என்றார். அவள் குழலை வாங்கினாள். விரல்களை ஒவ்வொன்றாக வைத்தாள். ஏழும் எட்டின. ஊதினாள்.

முதல் ஊதலிலேயே வந்தது. அடிச் சத்தம், ஒழுகாமல், முழுசாக வந்தது. கூடை முடைந்துகொண்டிருந்த ஆறுமுகத்தாய் என்கிற கிழவி கையை நிறுத்திவிட்டு, "அடி என் ராசாத்தி" என்றாள்.

வாத்தியார் அந்தச் சத்தத்தை எதிர்பார்த்துத்தான் வந்திருந்தார். ஆனால் அது கேட்டதும் அவருக்குச் சந்தோஷம் வரவில்லை. மூன்று வருஷமாக இந்தச் சத்தம் இவளிடமே இருந்திருக்கிறது, அதைத் தாம் அடைத்துப் போட்டிருக்கிறோம் என்பது மட்டும்தான் தெரிந்தது. யூனிஸ் குழலை இறக்கினாள். தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விரல்களுக்கு நடுவே துணி கட்டிய இடங்களில் தோல் இன்னும் தடித்துக் கிடந்தது.

கிரேஸ் பிள்ளைக்கென்று இன்னும் சின்னதாக ஒன்று வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். பாலம்வரை அவள் முன்னால் நடந்தாள். பாலத்தின் நடுவில் நின்றாள்.

"வெக்கம்னு சொன்னியளே, அது ஒரு நாள். மத்த நாளெல்லாம் என்ன?"

வாத்தியார் பதில் சொல்ல முயன்றார். அவள்மேல் இருந்த பொறாமையைச் சொன்னார். அவள் சுருதியைத் திருத்தியதில் தமக்கு வந்த எரிச்சலைச் சொன்னார். அவள் தோற்றபோது வந்த அந்த நிம்மதியையும் சொல்லிவிட்டார். சொல்லச் சொல்ல, வண்டிக்காரர்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டு போனார்கள்.

யூனிஸ் எல்லாவற்றையும் கேட்டாள். "சரி" என்றாள். "என்கிட்ட சொன்னது போதாது. எனக்கு வரம் இல்லைன்னு நான் சபை முன்னால சொல்லியிருக்கேன். அது பொய். கோயில்ல நின்னு நான் சொன்ன பொய்யை நீங்கதான் மாத்தணும்."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கர்த்தர் தமக்குச் செய்ததைச் சபைக்குச் சாட்சியாகச் சொல்ல வாத்தியார் எழுந்தால் அரை மணி நேரத்துக்குக் குறையாது, பிள்ளைகள் தூங்கிவிடும். அன்றைக்கு எழுந்தவர் நாலு வரிதான் சொன்னார். பேட்டையில் சொன்ன பொய், வீட்டில் சொன்ன பொய், அவளுக்குக் கொடுத்தது என் கைக்கு உள்ள குழல், வரம் அவளுக்கு இருக்கிறது. உட்கார்ந்துவிட்டார். இஸ்ரவேல் வாயைத் திறந்தபடி இருந்தார். சாரம்மாள் மட்டும் தலையை ஆட்டிக்கொண்டாள். குருவானவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு கீர்த்தனை எண்ணைச் சொன்னார். வாத்தியாருக்கு எடுத்துக்கொடுக்க வாய் எழவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து யூனிஸ் எடுத்தாள், சரியான சுருதியில். செய்தி தானியேலுக்குப் போய், அங்கிருந்து இரண்டு கரைக்கும் போயிற்று. வாத்தியார் எதற்குப் பயந்தாரோ அது நடந்தது. மாதக்கூட்டத்தில் ஊதிக் காட்டினார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு சம்பளத்தை வாங்கிவந்தார்.

ஆறு மாதத்தில் யூனிஸ் கீர்த்தனைகளை வாசிக்க ஆரம்பித்தாள். கிரேஸ் சாயங்காலம் வந்து அவள் பக்கத்தில் உட்காருவாள். வீட்டில் கோபம் என்று எதுவும் இல்லை. ஆனால் அவள் அவரிடம் எதையும் கேட்பது நின்றுபோயிருந்தது. எண்ணெய் வேண்டுமென்றாலும் தானே போய் வாங்கிக்கொள்வாள். அதைத்தான் வாத்தியாரால் தாங்க முடியவில்லை.

நீளக் குழல் மூலையில் கிடந்தது. ஒருநாள் அவரே அதை எடுத்தார். எனக்குத்தான் என்று சொல்லி வாங்கியது, எனக்கே ஆகட்டும் என்று ஒரு எண்ணம். பின்கட்டில், அவள் உட்கார்ந்து தோற்ற அதே இடத்தில் உட்கார்ந்தார். விரல்கள் துளைகளில் கச்சிதமாகப் பொருந்தின. ஊதினார். புஸ் என்றது. மறுபடி ஊதினார். தலை சுற்றியது. ஒரு வாரம் ஊதினார், ஒரு மாதம் ஊதினார். கைக்கு அத்தனை பொருத்தமான குழலில் அவருக்குச் சத்தமே வரவில்லை.

யூனிஸ் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். அவர் உதட்டிலிருந்து குழலைக் கொஞ்சம் கீழே திருப்பிவைத்தாள்.

"பழகப் பழகச் சரியாகும்" என்றாள்.

குத்திக் காட்டவில்லை அவள். நிஜமாகவே அப்படி நம்பிச் சொன்னாள். வாத்தியார் குழலை மடியில் வைத்துவிட்டு, அவள் பார்க்கவே அழுதார்.